காற்று வாங்கும் பிள்ளை

மச்சான்,

இன்று காலை கடையில் ஒரு படத்தின் பின்பலகையைக் கழற்றினேன். ஆணிகளை நெம்பி எடுத்ததும் உள்ளே அடைந்து கிடந்த வாடை முகத்தில் அடித்தது. ஈரக் காகிதமும் பழைய பசையும் பூசணமும் சேர்ந்த வாடை. பெட்டியில் மடித்து வைத்த வேட்டியை மழைக்காலம் முடிந்து பிரித்தால் வருமே, அது. தும்மினேன். தும்மல் அடங்கிப் படத்தைத் திருப்பிப் பார்த்தால், உன் கை வேலை.

தங்லின் மேட்டு பங்களாவிலிருந்து வந்த படம். அங்கிருந்த வெள்ளைக்காரத் துவான் குடும்பத்தோடு சீமைக்குத் திரும்புகிறார். சாமான்களெல்லாம் ஏலத்துக்குப் போகின்றன. ஏலக்காரரின் ஆள் ஒரு மாட்டு வண்டி நிறையப் படங்களைக் கொண்டுவந்து இறக்கி, தேறுவதைத் துடைத்துக் கொடு, தேறாததன் சட்டத்தை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனான். இது தேறாத குவியலில் கிடந்தது.

செத்தவனுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. பாதிரிச் சாமியார்கள் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை, அதிலும் நாலாவதை இரண்டு தடவை. "அத்தான் எழுதினா எழுத்தெல்லாம் ஒண்ணை ஒண்ணு தெரியாத ஆளுங்க மாதிரி தனித்தனியா நிக்கும்" என்று ஒரு முறை சொன்னாய். நிற்கட்டும். நீ இருந்தபோது உன்னிடம் பேசி ஜெயித்ததில்லை. இப்போதாவது நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச மாட்டாய்.

ராணி காலமாகி அவர் மகன் பட்டத்துக்கு வந்த வருடம் நீ கப்பலில் வந்து இறங்கினாய். கச்சேரி, கிட்டங்கி, பள்ளிக்கூடம் என்று எல்லாச் சுவரிலும் ராணி இறங்கினார், ராஜா ஏறினார். சிராங்கூன் சாலையில் படத்துக்குச் சட்டம் போடும் என் கடைக்கு அப்படியொரு வேலை அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. கை போதாமல் திண்டாடிக்கொண்டிருந்தபோது தகரப் பெட்டியும் தூரிகைக் கட்டுமாக வாசலில் வந்து நின்றாய். உன் அக்கா தம்பியைப் பார்த்த சந்தோஷத்தில் அழுதாள். நீ கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், சின்னச் சின்னதா சவப்பெட்டி செய்றீங்க?" என்றாய். அதுதான் என்னிடம் நீ பேசிய முதல் வார்த்தை.

உன் வாய் அப்படி. கடைக்குப் பின்னால் இருந்த அறையை உனக்குக் கொடுத்தோம். சீனர் போட்டோக் கடையில் ஆட்களுக்குப் பின்னால் தொங்கவிடும் திரைகள் வரைந்தாய். பகலில் எனக்கு வரும் பழைய படங்களைச் சரி செய்தாய். மனைவியை இழந்த ஒருவர் அவள் போட்டோவுக்கு வர்ணம் பூசக் கொண்டுவந்தார். முகத்தைக் கொஞ்சம் சிரித்த மாதிரி மாற்ற முடியுமா என்று கேட்டார். "உங்களோட இருந்தப்போ சிரிச்சாங்களா?" என்றாய். அந்த மனிதர் கடை நடுவில் நின்று தேம்பினார். மறுநாள் வந்து படத்தை வாங்கியபோதும் அழுதார். உதட்டைத் தொடாமல், கண்ணை மட்டும் உயிரோடு வைத்திருந்தாய். எந்த அழுகைக்கு உன்னைத் திட்டுவது, எந்த அழுகைக்குப் பாராட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

வெள்ளைக்காரர் வீட்டுப் படங்கள் வந்தால் நீ அதன் வானத்தைத்தான் முதலில் பார்ப்பாய். எனக்கோ அதில் என்ன இருக்கிறது என்றே புரியாது. கீழே விரல் அகலத்துக்கு ஒரு வயல், ஒரு வண்டி, ஒரு மாடு. மேலே முக்கால் பாகமும் மேகம். காசு கொடுத்து மேகத்தை வாங்குவானா ஒருவன் என்று கேட்டேன். இன்னொன்றில் கடலும் புகையும் வெயிலும் ஒன்றாய்க் கலங்கி, சாப்பிட்டுவிட்டுக் கழுவாமல் வைத்த தட்டு மாதிரி இருந்தது. அதைத்தான் நீ இரண்டு நாள் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றாய்.

"நம்ம படத்துல வானம் சும்மா இருக்குமா அத்தான்? ஒரு மாதா நிப்பாங்க, ரெண்டு சம்மனசு ரெக்கையோட பறக்கும். கோயில் வாசல்ல விக்கிற படத்துல கருடனாவது வரும். இவன் வானத்தைப் பாருங்க, யாருமே இல்லை. யாருமில்லாத இடத்தை ஒருத்தன் வரைஞ்சிருக்கான் லா."

நான் அதில் காட்டிய புத்திசாலித்தனத்தை நீ சாகும்வரை மறக்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். ஒரு துவானின் தங்கை வரைந்த தண்ணீர் வர்ணப் படம் கண்ணாடி உடைந்து வந்தது. ஆறு, பாலம், தூரத்தில் இரண்டு விளக்கு. மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறம். இந்த ஊர் ஈரத்தில் காகிதத்தைப் பூசணம் தின்பது நமக்குப் பழக்கம். அதிலும் வானத்தில்தான் முதலில் பிடிக்கும். ஐயோ, படம் முழுக்கப் பூசணமாகிவிட்டதே என்று நினைத்தேன். காய்ந்த ரொட்டியை உருட்டி வைத்துக்கொண்டு, முறைப்படி, மெல்ல மெல்லத் தேய்த்தேன். நன்றாக வந்தது. பாதிப் பாலம் வரை வெள்ளைவெளேர் என்று ஆக்கிவிட்டு, பெருமையாக உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நீ ரொட்டித் தூளைப் பார்த்தாய், படத்தைப் பார்த்தாய். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாய். அது பூசணம் இல்லை, அந்த ஊர்ப் பனிமூட்டம். வேண்டுமென்றே போட்டது.

"லண்டனுக்கே வெயில் அடிக்க வச்சுட்டீங்களே அத்தான்."

மறுநாள் காப்பிக் கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மழை தூறினால் போதும், ரொட்டி இருக்கிறதா, கொஞ்சம் துடைத்துவிடுகிறீர்களா என்று பால்காரன் வரை கேட்டான். நீ விளக்குக் கரியும் சுண்ணாம்பும் குழைத்து அந்தப் பனியைத் திரும்பப் போட்டுக் கொடுத்தாய். துவான் வந்து வாங்கிக்கொண்டு போனார், ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லப்போனால் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு வராத படம் அதற்கடுத்த மாதம் வந்தது.

பெரிய கறுப்பு அச்சுப்படம். இருட்டான அறை. மேசை நடுவில் ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குள் ஒரு வெள்ளைப் பறவை. நரைமுடி தொங்கும் ஒருவன் ஏதோ யந்திரத்தால் குடுவைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்கிறான். பறவை இறக்கை விரிந்து சரிந்து கிடக்கிறது. சுற்றிலும் ஆட்கள். இரண்டு பெண்பிள்ளைகள். ஒருத்தி பார்க்கப் பொறுக்காமல் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். அவள் தகப்பன், அவள் தோளில் கை போட்டு, பார், பார் என்று விரலை நீட்டுகிறான்.

என் மகள் ரோசம்மா அப்போது, கோயிலில் முதல் தடவை அப்பம் வாங்கும் புதுநன்மைக்கு மந்திரம் படித்துக்கொண்டிருந்தாள். படத்தின் முன்னால் வந்து நின்றவள் நகரவே இல்லை.

"அதுக்கு இழுப்பா அப்பா?"

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எதிரே சுண்ணாம்புக் கம்பத்தில் சுண்ணாம்பு சுடும் காளவாயில் புகை எழுந்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும். மேற்கே கடலில் கறுத்து எழுந்து சுமத்ராக் காற்று அடித்தால் இழுக்கும். தோள் இரண்டும் காதுவரை ஏறும். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வரும். அப்போதெல்லாம் உன் அக்கா ஆடாதோடைக் கஷாயம் கொடுத்து முதுகைத் தடவுவாள். நான் உதவியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பேன். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசியோ என்று நடப்பேன். எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

இல்லையம்மா, பறவை தூங்குகிறது என்று சொன்னேன்.

"பொய் சொல்லாதீங்க அத்தான். காத்தை எடுத்துட்டாங்க பாப்பா. அதான் விழுந்துடுச்சு."

"திருப்பி விடுவாங்களா மாமா?"

"படத்துல விடமாட்டாங்க. விட்டா யார் பார்ப்பாங்க?"

அவள் முகம் சுருங்கியதை நீ கவனித்தாயோ இல்லையோ, என் பக்கம் திரும்பிவிட்டாய். காற்றை வரைய வேண்டும் என்று ஒருவன் மரத்தைச் சாய்த்தான், ஒருவன் புகையை வளைத்தான், ஒருவன் மேகத்தை மூட்டை மூட்டையாக அடுக்கினான். இவன் ஒருவன்தான் சரியாக வரைந்திருக்கிறான் என்று கண் பளபளக்கச் சொன்னாய். "இருக்கறப்போ அது யார் கண்ணுக்கும் தெரியாது அத்தான். எடுத்துட்டாத்தான் தெரியும்." எனக்கு அந்தத் தகப்பன் விரல் நீட்டுவதுதான் பிடிக்கவில்லை. புதுக் கண்ணாடி போட்டு அதைச் சீக்கிரமாக அனுப்பிவைத்தேன். அதுவரை ரோசம்மா தினமும் வந்து பார்த்தாள். யாராவது குடுவையைத் திறந்துவிட்டார்களா என்று.

புதுநன்மை அன்று அவளைச் சீனர் போட்டோக் கடைக்குக் கூட்டிப்போனோம். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. பின்னால் நீ வரைந்த சீமை வானம். தலை ஆடாமலிருக்க இரும்புக் கவையைப் பின்னால் கொடுத்து, மூச்சை அடக்கு என்றார் போட்டோக்காரர். அவளால் எதை வேண்டுமானாலும் அடக்க முடியும், அதை மட்டும் முடியாது. இருமிவிட்டாள். படம் வந்தபோது கவுன் இருந்தது, மெழுகுவர்த்தி இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு வெள்ளை. உன் வானம் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது.

"மூச்சு விட்டுட்டா, அதான் கெட்டுது. செத்தவங்கதான் போட்டோவுல நல்லா விழுவாங்க" என்றாய். உன் அக்கா கையிலிருந்த அகப்பையை உன்மேல் எறிந்தாள். குனிந்து தப்பித்துக்கொண்டு, அதையே எடுத்து அவளிடம் கொடுத்தாய். அடுத்த வருடம் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சமாதானம் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் மதியம், தங்லினிலிருந்து ஒரு வெள்ளைக்கார மெம் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். போட்டோக் கடைச் சன்னலில் தொங்கிய ஒரு படத்தை வாங்கியிருந்தார். நல்ல சட்டம் போட வேண்டும். பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார்.

முதலில் நான் பார்த்தது வானத்தைத்தான். சும்மா சொல்லக் கூடாது மச்சான், உன்னோடு சேர்ந்து சேர்ந்து எனக்கும் கொஞ்சம் பார்க்கத் தெரிந்திருந்தது. குதிரைப் பந்தயத் திடலுக்கு மேலே மழைக்கு முன் வெளுத்து நிற்குமே, அந்த வானம். முக்கால் பாகமும் அதுதான். யாருமில்லாத வானம். கீழே, நம் கொல்லை வாசல் பலகையில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். முழங்காலில் கை ஊன்றியிருக்கிறது. தோள் ஏறியிருக்கிறது. முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து வானத்தைப் பார்க்கிறாள். கழுத்துக் குழியில் சிறிதாய் ஒரு நிழல். அந்த நிழலை நான் விரலால் மறைத்துக்கொண்டேன்.

மெம் கடைவீதியில் புழங்கும் பாசார் மலாயில் பேசினார். காற்று, நல்ல காற்று என்றார். அவருடைய ஊர் கடலோரமாம். அங்கே பிள்ளைகள் இப்படித்தான் வாயைத் திறந்து காற்றைக் குடிக்குமாம். இந்த ஊருக்கு வந்த பிறகு காற்றை இப்படி வரைந்து பார்த்ததேயில்லை என்று சொல்லி, எப்படி என்று எனக்குக் காட்டுவதற்காக மார்பு நிமிர மூச்சை இழுத்து, தாராளமாக வெளியே விட்டார். அழகாக இருக்கிறதல்லவா என்று கேட்டார்.

"பாகுஸ், மெம்" என்றேன், நன்றாயிருக்கிறது என்று. எனக்குத் தெரிந்த மலாயில் அந்த நேரம் வந்தது அது ஒன்றுதான்.

சாயங்காலம் ரோசம்மாவிடம் விசாரித்தேன். நான் சட்டத்துக்கு மரம் வாங்கப் போயிருந்த நாள். உன் அக்கா கோயிலில். திடீரென்று இழுத்துவிட்டது. மாமா கஷாயம் கொடுத்தார், பிறகு எதிரே உட்கார்ந்து வரைந்தார், ஆடாதே, வானத்தைப் பார் என்றார் என்று சொன்னாள். பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

"மாமா மூடியைத் திறப்பாருன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

அன்றுதான் நான் உன்னை அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கியது மட்டும்தான். உன் உயரத்துக்கு எனக்கு ஒரு முக்காலி வேண்டும்.

"பிள்ளைக்கு மூச்சு வரலை. நீ பென்சில் சீவிக்கிட்டு உட்கார்ந்திருந்தே."

"கஷாயம் கொடுத்தேன் அத்தான். முதுகைத் தடவினேன். அதுக்கு மேல என்ன இருக்கு? உங்களை மாதிரி வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்கணுமா? நீங்க நடந்து என்னைக்காவது ஒரு மூச்சு கூட வந்திருக்கா?"

"அதை வரையணுமா?"

"அவளை மாதிரி காத்தை யாரும் கேட்டதில்லை. அதை விட்டுட்டு நான் மேகம் வரையவா?"

நீ சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் வயிறு எரிந்தது.

உன்னைப் பேசி ஜெயிக்கத் தெரியாதவனுக்குத் தொழில் தெரியும். படத்துக்குக் கண்ணாடி போடும்போது கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது. ஓரம் சுற்றிலும் தீக்குச்சி கனத்துக்கு மரச்சீவல் வைத்து இடைவெளி விட வேண்டும். உள்ளே கொஞ்சம் காற்று நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஊர் ஈரத்துக்கு வர்ணம் கண்ணாடியில் ஒட்டும், பூசணம் உள்ளே குடியேறும், சில வருடத்தில் படம் குப்பை. கடையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். மெம்முடைய படத்துக்கு நல்ல தேக்குச் சட்டம் போட்டேன். தங்கப் பூச்சுப் பூசினேன். மரச்சீவல் வைக்கவில்லை. கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்து, பின்பலகையை அழுத்தி, ஆணி அடித்தேன். ஒவ்வொரு ஆணிக்கும் மனசுக்கு இதமாக இருந்தது. அழுகிப் போகட்டும். என் பிள்ளையின் இழுப்பை இன்னொருத்தி வீட்டுச் சுவரில் யாரும் பார்க்க வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் நீ வந்தாய். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, சட்டத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டினாய். உனக்குப் புரிய எத்தனை நேரம் ஆகும்?

"காத்து விடலையே அத்தான்."

"விடலை."

அந்தப் படம் எனக்குத் தெரிந்து நீ செய்ததிலேயே நல்ல படம். உனக்கும் அது தெரியும். ஆணியைப் பிடுங்கி ஒரு நாழிகையில் சரி செய்திருக்கலாம். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். முதல் தடவையாக நான் உனக்குச் சமமாக ஒன்றைச் செய்துவிட்ட மாதிரி.

"நல்லது. கொடுத்து அனுப்புங்க" என்றாய்.

அந்த வருடக் கடைசி மழையில் ரோசம்மா போய்விட்டாள். நீயும்தான் இருந்தாய், எப்படி என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. பெட்டியை நான் என் கடையில் என் கையால் செய்தேன். வந்த அன்றைக்கே நீ வாய் வைத்தாய் அல்லவா, சின்னதாகச் சவப்பெட்டி செய்கிறேன் என்று. நான்கு மூலையும் பிசிறில்லாமல் பொருந்தியிருந்தது. அதையும் தடவிப் பார்த்தேன், பார். அப்பேர்ப்பட்ட தொழிலாளி நான்.

சில நாள் கழித்து உன் அக்கா, பிள்ளை முகம் மறக்கிறது என்றாள். போட்டோவை எடுத்துப் பார்த்தாள், அதில் புகைதான் இருந்தது. உலகத்தில் ரோசம்மாவின் முகம் இருந்த இடம் ஒன்றே ஒன்று. தங்லினில், கண்ணாடிக்குள், நான் அழுத்தி ஆணி அடித்த இடத்தில்.

நானும் அவளும் போனோம். சமையல்கட்டு வழியாகத்தான் விட்டார்கள். கதவோரம் நின்று, சாப்பாட்டு அறைக்கு அப்பால் வராந்தாச் சுவரில் தொங்குவதை எட்டிப் பார்த்தோம். மெம் நல்லவர்தான். விஷயத்தைக் கேட்டதும் கண் கலங்கினார். ஆனால் படத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. சீமையிலிருந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் அதைத்தான் காட்டுகிறாராம். வேண்டும்போது வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வானத்தில் அதற்குள்ளேயே பழுப்பாகப் புள்ளிகள் விழுந்திருந்தன. மெம் அதை விரலால் காட்டி, முதலில் இதைக் கவனிக்கவே இல்லை, தூரத்தில் பறவைகள், எவ்வளவு நுணுக்கமாகப் போட்டிருக்கிறான் உன் மைத்துனன் என்றார்.

பறவைகள் இல்லை மெம், அது பூசணம், கழற்றிக் கொடுங்கள், இரண்டு நாளில் சரி செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சட்டம் ஒழுங்காகப் போடவில்லை என்று கேட்பாரோ என்றா? இல்லை மச்சான். பக்கத்தில் உன் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியாது. நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து அவள் உன்னிடம் கெஞ்சினாள். இன்னொன்று வரைந்து கொடு, முகம் மட்டும் போதும் என்றாள்.

"நினைப்புல இருந்து எனக்கு வரையத் தெரியாது அக்கா" என்றாய். "எதிர்ல இருந்தாத்தான் வரைவேன்."

ஒரு பொய் முகமாவது வரைந்து கொடுத்திருக்கலாம். என்னைப் போலத் துடைத்து, வெளிச்சம் போட்டு, சிரிக்க வைத்து. நீ செய்யவில்லை. அன்றிலிருந்து உன் அக்கா உனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. நீயும் சாப்பிட்டாய், பேசவில்லை. போட்டோக் கடைக்குத் திரை வரைந்தபோது தூண், படிக்கட்டு, பூந்தொட்டி எல்லாம் போட்டாய். வானம் போடவில்லை. சீனர் கேட்டதற்கு, வீட்டுக்குள்ளே எடுக்கிற படத்துக்கு வானம் எதற்கு என்றாயாம்.

கடைசிக் காய்ச்சலில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். எலும்பும் வாயும்தான் மிச்சம். இவ்வளவு புளிப்பான பழத்தை எங்கே தேடிப் பிடித்தீர்கள் என்று கேட்டாய். பிறகு நீயாகவே ஆரம்பித்தாய்.

"அன்னைக்கு அந்த ஆணியை நான் பிடுங்கியிருக்கலாம் அத்தான்."

"ஏன் செய்யலை?"

"நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்."

"நான் ஏன் கேக்கணும்?"

"அதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அவ்வளவுதான். நீ கேட்பாய் என்று நானும், நான் கேட்பேன் என்று நீயும். இரண்டு ஆண்பிள்ளைகள். நடுவில் பிள்ளை அழுகிக்கொண்டிருந்தாள்.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். படத்தை மேசையில் மல்லாக்க வைத்து, கண்ணாடியின் ஓரத்தில் கத்தி முனையைக் கொடுத்து மெல்ல எடுத்தேன். உன் வானம் காகிதத்தோடு கீழே தங்கிவிட்டது. அதைப் பார்த்தால் நீயே சிரிப்பாய். பழுப்பும் கறுப்பும் பச்சையுமாக மேலிருந்து கீழே பூசணம். மெம் சொன்ன பறவைகள் குஞ்சு பொரித்துக் குடும்பமாகிவிட்டன. ரொட்டி வைத்துத் தேய்த்தால் காகிதமே வந்துவிடும்.

ஆனால் பிள்ளையை நீ கெட்டி வர்ணத்தில், பசை நிறையப் போட்டு வரைந்திருக்கிறாய். வானத்துக்கு வெறும் தண்ணீர், அவளுக்குப் பசை. அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. நான் கண்ணாடியைத் தூக்கியபோது அவளும் கூடவே வந்துவிட்டாள். முழங்காலில் ஊன்றிய கையில் பாதி போய்விட்டது. காதோரம் கொஞ்சம் காகிதத்திலேயே நின்றுவிட்டது. முகம் முழுசாக இருக்கிறது மச்சான். கண், மூக்கு, திறந்த வாய், கழுத்துக் குழி, அந்த நிழல்.

துடைப்பதற்கு ஈரத் துணியை எடுத்தேன் என்றால் நம்புவாயா? பழக்க தோஷம். கண்ணாடி அழுக்காக இருந்தால் என் கை தானாகத் துணியைத் தேடும். துணியை எறிந்துவிட்டு, கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று உயரத் தூக்கினேன். அவளுக்குப் பின்னால் சிராங்கூன் சாலை வானம் வந்து நின்றது. மழைக்கு முன் வெளுத்த வானம். ஒரு மேகம் மெதுவாக அவள் தோளில் ஏறி, வாய்க்கு நேராக வந்து, கடந்து போனது. காளவாய்ப் புகை கொஞ்சம் சாய்ந்து போனது. நான் கை வலிக்கும்வரை இறக்கவில்லை. எனக்கு வானம் வரையத் தெரியாது, உனக்குத் தெரியும். உன் படத்துக்கு இன்று நான் வானம் போட்டேன். நன்றாக இல்லை என்று சொல்ல நீ இல்லை.

உன் அக்கா உள்ளேயிருந்து என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பார்த்தாள். எப்படிக் கண்ணாடியில் ஒட்டியது என்று கேட்பாள், மரச்சீவல் கதையை இன்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். இத்தனை வருடம் கண்ணாடிக் கடைக்காரன் பெண்டாட்டியாக இருக்கிறவளுக்கு அது தெரியாதா என்று அப்புறம்தான் உறைத்தது. தங்லின் வராந்தாவில் அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து எனக்கும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"பின்னால பலகை போடாதீங்க" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

முன்னும் பின்னும் கண்ணாடி வைத்து, நடுவில் சுற்றிலும் மரச்சீவல் கொடுத்து, பழைய தேக்குச் சட்டத்திலேயே பொருத்தினேன். கடைச் சன்னலில், வெளியே வானம் தெரிகிற மாதிரி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அடுப்புப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும்.

சற்று முன் பால்காரன் வந்தான், உன் ரொட்டிக் கதையை இன்னும் மறக்காதவன். ரோசம்மாவை அவன் அப்போது பார்த்திருக்கிறான், இத்தனை வருடத்தில் அடையாளம் தெரியவில்லை. கணக்கைச் சொல்லிவிட்டுச் சன்னலைப் பார்த்து நின்றான்.

"யாரு இது, நல்லா காத்து வாங்குது பிள்ளை" என்றான்.

ஆமாம் என்றேன்.